குங்குமம் வைத்த சீமாட்டி

9

"அண்ணா, செத்தவன் மூஞ்சிய இன்னொரு தரம் பாக்கணுமா? மொத தரம் பாத்ததுக்கே காலையில தின்ன வடை தொண்டைக்கு வந்துடுச்சி" என்றான் பாவாடை.

துப்பறியும் இளஞ்செழியன் அதைக் காதில் வாங்கவில்லை. மேலதிகாரியின் மச்சானைக் கைது செய்த புண்ணியத்துக்காகப் போலீஸ் வேலையை இழந்தவர் அவர். இன்றைக்கும் பிணத்தின் போட்டோவைக் கண்டால் கல்யாண ஆல்பம் பார்ப்பது மாதிரி நிதானமாகப் புரட்டுவார். அவருடைய ஒரே உதவியாளன் பாவாடைக்கோ ரத்தம் என்றால் ஆகாது. ஆகாத வேலையில்தான் ஆண்டவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

இன்ஸ்பெக்டர் ஜானகிராமனின் மேஜைமேல் கிடந்தவை இரண்டு கொலைகளின் போட்டோக்கள். முதல் ஆள் வாட்ச்மேன் அம்மாவாசை. புதுச்சேரியை ஒட்டிய சேதராப்பட்டில் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தான். இரும்புக் கம்பியால் மண்டையைப் பிளந்ததோடு நிற்காமல், அவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கியிருந்தார்கள். அடுத்தவன் ஃபோர்மேன் கலியபெருமாள். தட்டாஞ்சாவடியில் சொந்த வீட்டுக் கூடத்திலேயே அடி வாங்கிச் செத்திருந்தான். அவனுக்கு வாய் போயிருந்தது. ஒரு பல்கூட மிச்சம் வைக்காமல் அடித்திருந்தார்கள். காலண்டரில் இருந்த பிள்ளையார்மேல்கூட ரத்தம் தெறித்திருந்தது.

"ரெண்டு பேர் நெஞ்சு மேலயும் இது கெடந்துச்சி" என்று ஜானகிராமன் இரண்டு பழைய காகிதங்களை எடுத்துப் போட்டார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ பிரெஞ்சு நையாண்டிப் பத்திரிகையின் பக்கங்கள் அவை. இரண்டிலும் ஒரே சீமாட்டி. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பக்கம் தொந்தியும் உயரத் தொப்பியுமாக ஒரு பணக்காரன். மறு பக்கம் கிழிந்த கோட்டுப் போட்ட ஒரு பஞ்சப்பராரி. அவள் கையிலிருக்கும் கொம்பிலிருந்து கொட்டுகிற பொற்காசெல்லாம் பணக்காரன் தொப்பியில்தான் விழுகிறது. பஞ்சப்பராரி ஏந்திய கை அப்படியே ஏந்தியபடி நிற்கிறது.

"யாரு வீட்டுப் புத்தகத்துல இருந்து கிழிச்சது இது?" என்றார் இளஞ்செழியன்.

"பலராமன் வீட்டுது. பிரெஞ்சுப் பத்திரிகைங்கள பைண்ட் பண்ணி வச்சிருக்குறாரு. அதுல இந்த ரெண்டு பக்கமும் இல்ல. செத்த ரெண்டு பேரும் அவரு வர்க்‌ஷாப்புல வேலை செஞ்சவனுங்க. புஸ்தகத்த வேற யாரு தொட்டதுன்னு கேட்டேன். 'என்னைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல'ன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. சாயந்தரம் கோர்ட்டுல நிறுத்திடுவேன். ரெட்டைக் கொலை சார். தூக்குதான்."

ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் விசும்பினாள். பலராமனின் ஒரே மகள் சுமலதா. நேற்று இளஞ்செழியன் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க அப்பாவ எப்படியாவது காப்பாத்துங்க சார், அவருக்கு என்னை விட்டா யாரும் இல்ல, எனக்கும் அவரை விட்டா யாரும் இல்ல" என்று கும்பிட்டவள். அறைக்குப் பின்னாலிருந்த லாக்கப்பிலிருந்து ஒரு கிழவரின் இருமல் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் தோள் தூக்கிப் போட்டது.

பாவாடை வடையை மறந்து காகிதங்களை உற்றுப் பார்த்தான்.

"அண்ணா, இவ கண்ணுல என்னாமோ பண்ணியிருக்குறான்."

சீமாட்டியின் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் வெளுத்திருந்தது. பிளேடால் சுரண்டியிருந்தார்கள். காதோரம் ஒரு துணி முடிச்சின் மிச்சம் மட்டும் தெரிந்தது.

"கண்ண ஒரு துணியால கட்டியிருந்திருக்கு. கட்ட மட்டும் சுரண்டி எடுத்திருக்கான். காகிதம் கொஞ்சங்கூட கிழியல" என்றார் இளஞ்செழியன். "நல்ல கை."

"பைத்தியக்காரன் கை" என்றார் ஜானகிராமன். "நெத்தியில பாருங்க, ரத்தம் வேற."

நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. பாவாடை போட்டோவைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், மறுபடி போட்டோவைப் பார்த்தான்.

"ஏன் சார், காலண்டர்ல தெறிச்ச ரத்தம் போட்டோ எடுக்கறதுக்குள்ளயே கருத்துப் போச்சி. இந்தப் பொட்டு மட்டும் இத்தினி நாளாகியும் செக்கச் செவேல்னு இருக்குதே. அதுவும் ரெண்டு படத்துலயும் அளவெடுத்தாப்புல நெத்தி நடுவுல வந்து தெறிக்குமா? ரத்தத்துக்கு அவ்வளவு அறிவு இருந்தா அது ஏன் சார் கலியபெருமாள் ஒடம்ப உட்டு வெளிய வரப்போவுது?"

இளஞ்செழியன் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

"ரத்தம் இல்ல ஜானகிராமன். குங்குமம்."

கொலைகாரன் பிரெஞ்சுக்காரிக்கு எதற்குக் குங்குமம் வைத்தான் என்பதற்கு இன்ஸ்பெக்டர் படித்த சட்டத்தில் பதில் இல்லை.

*

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது பலராமன் வீடு. மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், வாசலில் காகிதப்பூக் கொடி. இளஞ்செழியனின் பழைய ஸ்கூட்டர் அங்கே நின்றது அந்தத் தெருவுக்கே அவமானம் என்பது போல எதிர் வீட்டு நாய் குரைத்தது.

"குரைக்காதடா, நாங்களும் பாண்டிதான்" என்றான் பாவாடை.

"பாண்டி இல்ல, போன மாசம் புதுச்சேரின்னு மாத்திட்டாங்க."

"பேரை மாத்துனா பசி போயிடுமா அண்ணா? எம் பேரையுந்தான் மாத்தச் சொன்னானுங்க. பாவாடைராயன் சாமி பேரு, சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான்னு உட்டுட்டேன்."

கூடத்துச் சுவரில் பொன்னிறச் சட்டத்தில் ஐந்து கார்ட்டூன்கள் வரிசையாகத் தொங்கின. சுமலதா ஒவ்வொன்றாக விளக்கினாள். ஒன்றில் ஒரு பிச்சைக்காரன் தெருவில் கண்டெடுத்த குதிரை லாடத்தை அதிர்ஷ்டம் என்று கதவுக்கு மேலே மாட்டுகிறான். அது கழன்று அவன் தலையிலேயே விழுகிறது. இன்னொன்றில் பசியில் மயங்கிக் கிடப்பவன் வாயில் ஒரு கனவான் ரொட்டிக்குப் பதில் லாட்டரிச் சீட்டைத் திணிக்கிறான். மற்றொன்றில் காலில்லாத கிழவனுக்குப் பரிசாக ஒரு ஜோடி பூட்ஸ் விழுகிறது.

"வெள்ளிக்கிழமை அப்பாவோட ஃபிரெண்ட்ஸ் வருவாங்க. ஒயின் குடிச்சிக்கினு இதப் பாத்துப் பாத்துச் சிரிப்பாங்க."

"ஏழை படுற பாட்டப் பாத்துச் சிரிக்கறதுக்கு தங்கக் கலர்ல சட்டம் வேறயா? எங்க தெருவுல வந்து நின்னா ஓசியிலயே பாக்கலாமேம்மா" என்றான் பாவாடை.

அவள் முகம் சிவந்தது. "இது ஏழைங்கள கிண்டல் பண்ண வரைஞ்சது இல்ல சார். பணக்காரங்களத்தான் கிண்டல் பண்ணியிருக்காங்க."

"அப்ப உங்க அப்பா எதுக்கும்மா சிரிக்கிறாரு?"

சுமலதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவாடைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டான்.

இளஞ்செழியன் சட்டத்தின் ஓரத்தைத் தடவியபடி, "புத்தகத்த அவரத் தவிர யாரும் தொட்டதில்லன்னு எழுதிக் குடுத்தாரே உங்க அப்பா" என்றார். "இந்த அஞ்சு பக்கமும் அதே புத்தகந்தானே? இதெல்லாம் தானா நடந்து வந்து சுவத்துல ஏறிக்கிச்சா?"

சுமலதா திடுக்கிட்டாள். "ஐயோ... ஆமா! உப்பளத்துல ஃப்ரேம் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. புக்கையே அவர்கிட்டதான் குடுத்து அனுப்பினோம். ஒரு வாரம் வச்சிருந்தாரு. அப்பா மறந்துட்டாரு போல."

"மறக்கலம்மா" என்றான் பாவாடை. "ஆளுங்க கணக்குல அவனச் சேக்கல."

"எத்தனை படம் குடுத்தீங்க?" என்றார் இளஞ்செழியன்.

"ஆறு. ஒண்ணுல கண்ணாடி மேல கறையா வந்துச்சி. அப்பா கோவப்பட்டு மாட்டவே விடல."

உள்ளறையிலிருந்து அந்த ஆறாவது படத்தை எடுத்து வந்தாள். அதே சீமாட்டி. கண்ணில் கட்டு அப்படியே இருந்தது. கண்ணாடிமேல், சரியாக அவள் நெற்றிக்கு நேரே, காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இது யாரும்மா?"

"அதிர்ஷ்ட தேவதை சார். கண்ணைக் கட்டிக்கினு கொட்டுவா, யார் மேல விழுதுன்னு அவளுக்கே தெரியாது. அதான் ஜோக். கீழ பேரே போட்டிருக்கே, லா ஃபொர்த்யூன்னு."

இளஞ்செழியன் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார். "உங்க அப்பா வர்க்‌ஷாப்ப ஏன் மூடினீங்க?"

"தீப்புடிச்சிருச்சி சார். மூடிட்டோம்" என்று சொல்லிவிட்டு அவள் காகிதப்பூக் கொடியைப் பார்த்தாள்.

*

உப்பளத்தில் ஸ்டேடியம் தாண்டி ஒரு சந்து. அதன் மூலையில் அந்தக் கடை. மழை லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கடை நெடுக முருகன், மாதா, வேங்கடாசலபதி, மணக்குள விநாயகர் என்று எல்லாக் கடவுளும் ஒற்றுமையாகச் சுவரில் தொங்கினார்கள். ஒரு பக்கம் ஆள் உயரக் கண்ணாடித் தகடுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

கடைக்காரர் செல்வகுமாருக்கு நாற்பது வயசிருக்கும். ஒல்லி. பேச்சில் பணிவு. ஒரு கிழவிக்கு முருகன் படத்தைத் துடைத்து, மேஜைமேல் இருந்த கிண்ணத்தில் விரலைத் தொட்டு, முருகன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். அதே கையோடு ஒரு கல்யாண போட்டோவை எடுத்துப் பொட்டு எதுவும் வைக்காமல் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தார்.

பாவாடை ஓரடி பின்வாங்கினான். இளஞ்செழியனோ பொண்டாட்டி போட்டோவுக்குச் சட்டம் போட வந்தவர் மாதிரி சாவகாசமாகச் சீமாட்டியை மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் பொட்டு நீங்க வச்சதா?"

"ஆமாங்க சார். சாமி படம்னா பொட்டு வச்சித்தான் குடுப்போம். எங்க அப்பா காலத்துல இருந்து பழக்கம். வெறும் நெத்தியோட அனுப்புனா கை கூசும்."

"அந்தக் கல்யாண போட்டோவுக்கு வைக்கலியே?"

"மனுஷங்களுக்கு எதுக்கு சார்?"

"அப்ப இது சாமியா? எந்தச் சாமி?"

செல்வகுமார் அவரைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்.

"என்னா சார், சினிமாவுல கோர்ட்டு சீனே பாத்ததில்லியா? கண்ணைக் கட்டிக்கினு, ரெண்டு பக்கமும் கைய நீட்டிக்கினு நிக்கிறா. நீதிதேவதை சார்."

பாவாடை இளஞ்செழியன் முகத்தைப் பார்த்தான். அடேயப்பா! இந்த மனுஷன் தன் வாயாலேயே தன் கழுத்துக்குக் கயிறு திரித்துவிட்டானே!

"நான் போலீசா இருந்தவன் செல்வகுமார்" என்றார் இளஞ்செழியன் குரலை உயர்த்தாமல். "அம்மாவாசை நெஞ்சு மேலயும் கலியபெருமாள் நெஞ்சு மேலயும் இதே அம்மா கெடந்தா. நெத்தியில இதே பொட்டு. கண்கட்ட மட்டும் காகிதம் கிழியாம சுரண்டியிருந்துச்சி. பிரெஞ்சு படிச்ச பலராமன் அதச் செய்ய மாட்டாரு. இவ கண்ணு தெரியாம கொட்டுறதுதான் அவங்களுக்கு ஜோக்கு. இவள நீதின்னு கும்புட்டவன்தான், 'இனிமேலாவது கண்ணத் தொறந்து பாருடி'ன்னு கட்ட அவுத்து உடுவான்."

செல்வகுமார் கிண்ணத்தையே பார்த்தார்.

"உள்ள மாலை போட்டு லைட் எரியுதே, அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"வசந்தா. எம் பொண்டாட்டி."

"பலராமன் வர்க்‌ஷாப் தீயிலயா?"

அவ்வளவுதான். பணிவு, பேச்சு, சார் எல்லாம் ஒரே நொடியில் பறந்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பி வந்தது. இளஞ்செழியன் விலகினார், விலகியும் அடி தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் பாவாடைக்கு ஒரு முழம் தள்ளிக் கேட்டது.

"அண்ணா!"

பாவாடை பாய்ந்தான். பாய்ந்தவனை செல்வகுமார் நெஞ்சில் உதைத்தார். பாவாடை கண்ணாடித் தகடுகள்மேல் போய் விழ, ஆள் உயரக் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வெடித்தன. கை முழுக்கச் சூடாக என்னவோ வழிந்தது. பார்க்காதே, பார்த்தால் மயக்கம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வாயைப் பிளந்திருந்தது.

அதற்குள் செல்வகுமார் படம் மாட்டுகிற கம்பியை இளஞ்செழியன் கழுத்தில் சுற்றிவிட்டார். முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்ததோ! இளஞ்செழியனின் கண்கள் பிதுங்கின. கம்பி தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. கால்கள் கண்ணாடித் தூளில் தாறுமாறாக உதைத்தன.

எதையாவது எடுத்து அடிக்க வேண்டும். பாவாடை எட்டிய கைக்கு முருகன் வந்தார். முருகனால் அடிப்பதா? கை வரவில்லை. அடுத்து மாதா. ஐயோ, வேண்டாம். அடுத்து விநாயகர். "சாமிங்களா, ஒருத்தர்கூட இந்த வேலைக்கு ஆவ மாட்டீங்களா?" என்று அழாத குறையாகக் கத்தியவன் கையில் கடைசியாகக் காகிதம் சுற்றிய கல்யாண போட்டோ சிக்கியது. தேக்குச் சட்டம், நல்ல கனம். இரண்டு கையாலும் ஓங்கி செல்வகுமாரின் பின்மண்டையில் இறக்கினான். ஒரு அடிக்கு அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது அடியில் சட்டம் உடைந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் போக, செல்வகுமார் முகங்குப்புற விழுந்தார்.

இளஞ்செழியன் கழுத்துக் கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு இருமினார். இருமலோடு ரத்தம் வந்தது.

"கல்யாணத்தால ஒருத்தன் உசுரு பொழைச்சது இதான் அண்ணா மொத தடவை" என்று சொல்லிவிட்டு, பாவாடை தன் கையை இன்னொரு முறை பார்த்து, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

செல்வகுமார் எழ முயலவில்லை. கண்ணாடித் தூளில் கன்னத்தை வைத்தபடியே, உள்ளே எரிந்த அந்தச் சின்ன பல்பைப் பார்த்துப் பேசினார்.

"ஷிஃப்ட் முடியறதுக்குள்ள பொம்பளைங்க வெளிய போறாளுங்கன்னு கதவ வெளியில பூட்டச் சொன்னாரு பலராமன் முசியே. அம்மாவாசை பூட்டுவான். பூட்டி சாவிய அவரு வீட்டுக்குக் குடுத்து அனுப்பிடுவான். தீப்புடிச்ச அன்னைக்கும் அப்பிடித்தான். உள்ள மூணு பொம்பளைங்க. கதவுல நகத்த வச்சிப் பிறாண்டியிருக்குறாளுங்க சார். நான் பாத்தேன். மரத்துல நகம் சொருவிக்கினு இருந்துச்சி. கோர்ட்டுல கலியபெருமாள் சாமி மேல சத்தியம் பண்ணி, கதவு தெறந்துதான் இருந்துச்சின்னு சொன்னான். அவர உட்டுட்டாங்க."

பூட்டிய விரல்கள், பொய் சொன்ன வாய். பாவாடைக்குப் போட்டோக்கள் இரண்டும் கண்முன் வந்து நின்றன. இந்தத் தடவை வாந்தி வரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு பேரக் கொன்ன. பலராமன மட்டும் ஏன் உட்டு வச்ச?" என்றார் இளஞ்செழியன் கரகரத்த குரலில்.

செல்வகுமார் முதல் தடவையாகச் சிரித்தார். பல்லெல்லாம் ரத்தம்.

"உட்டு வச்சேனா? யாரு சொன்னது? கம்பியால அடிச்சா ஒரு நொடியில போயிடுவாரு. அது வேணாம் சார். அவரு புஸ்தகம், அவரு ஆளுங்க. போலீஸ் நேரா அவரு வீட்டுக்குத்தான் போவும்னு தெரியும். கூண்டுல ஏறணும். நான் இல்ல, நான் இல்லன்னு கத்தணும். ஒருத்தனும் நம்பக் கூடாது. செஞ்ச தப்புக்கு உட்டுட்ட கோர்ட்டு, செய்யாத தப்புக்காவது தூக்குல போடட்டுமேன்னு நெனச்சேன். இன்னிக்கி ஒரு நாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா நீங்க?"

இளஞ்செழியன் செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை பாவாடை கேட்டிருக்கிறான். யாருக்காகக் கிணறு வெட்டினார்களோ அந்த ஆளே பூதமாக இருந்த கதையை இன்றுதான் பார்க்கிறான்.

*

சாயங்காலம் ஸ்டேஷனில் பலராமனின் லாக்கப் திறந்தது. தைத்த கையைத் தூளியில் தொங்கவிட்டபடி பாவாடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தோளிலும் கழுத்திலும் கட்டோடு இளஞ்செழியன். எதிரில் சுமலதா. செல்வகுமார் சொன்னது முழுவதையும் இளஞ்செழியன் ஒளிக்காமல் அவளிடம் சொல்லியிருந்தார். லாக்கப்புக்குள் இருந்த பலராமன் காதிலும் அது விழுந்திருந்தது.

பலராமன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வெளுத்த முகம், ஆனாலும் நிமிர்ந்த நடை. ஜானகிராமனின் மேஜையில் கிடந்த சீமாட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் தலையில் கட்டோடும் கையில் விலங்கோடும் செல்வகுமார் நின்றிருந்தார்.

"இவள நீதின்னா நெனச்ச?" என்று பலராமன் சிரித்தே விட்டார். வெள்ளிக்கிழமைச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். "அட முட்டாளே! இது அதிர்ஷ்டம்டா. கீழ எழுதியிருக்கு பாரு, லா ஃபொர்த்யூன்!"

"படிக்கத் தெரியாதுங்க முசியே. சட்டம் போடக் குடுக்கும்போது நீங்களும் சொல்லல" என்றார் செல்வகுமார்.

பிறகு குனிந்து படத்தைப் பார்த்தார். கொட்டுகிற கொம்பையும் தொப்பிக்காரனையும் ஏந்திய கையையும் வெகு நேரம் பார்த்தார்.

"அதிர்ஷ்டமா? நான் நீதின்னு நெனச்சிட்டேன். ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் கொட்டுறாங்க போல."

வாசலில் நின்ற சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டார். பாவாடைக்கு நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும் நக்கல் எங்கே போய்த் தொலைந்ததோ, தேடியும் கிடைக்கவில்லை. அவனுக்கு அழுகைதான் வந்தது.

பலராமன் தொண்டையைச் செருமினார். "வா சுமா, வீட்டுக்குப் போலாம். எல்லாம் முடிஞ்சிருச்சி."

சுமலதா எழுந்திருக்கவில்லை.

"சுமா?"

அவள் அப்பாவைப் பார்க்காமல் ஜானகிராமனைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார், தீப்புடிச்ச அன்னைக்கி கதவு பூட்டித்தான் இருந்துச்சி. சாவி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல இருந்துச்சி. ஃபோன் வந்ததும் நான் எடுத்துக்கினு ஓடப் பாத்தேன். அப்பா கையப் புடிச்சி உக்கார வச்சிட்டாரு. கோர்ட்டுல என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"சுமலதா! வாயை மூடு!"

ஜானகிராமன் தயங்கினார். "அது விடுதலையாகி முடிஞ்ச கேஸும்மா. இப்ப சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு எனக்கே தெரியல."

"ஆனா ஆவட்டும், ஆவலன்னா போவட்டும். நீங்க எழுதிக்குங்க சார்" என்றாள் சுமலதா.

ஜானகிராமன் பேனாவை எடுத்தார். விலங்கு மாட்டிய கையால் செல்வகுமார் முகத்தை மூடிக்கொண்டார். பலராமன் உட்கார நாற்காலி தேடினார். பாவாடை எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை.